தரித்து நிற்கும் விமானமும் மறைக்கப்படும் வடுவும்

வானிற் பறக்கும் விமானத்தைக் குறித்தே மக்கள் அஞ்சுவர். தரையிலே தரித்து நிற்கும் விமானத்தைக் குறித்து அஞ்சுவார் அரியர். புயலும், மின்னலும், பொறி ஓய்தலுமே விமான விபத்தென்ற அளவில் மனத்திலே தோன்றுவன. சில்லுகளுக்கு முட்டுக்கட்டை இடப்பட்டு, பொறிகள் அடங்கி, படிக்கட்டுச் சாத்தப்பட்டு நிற்கும் விமானம் தொழுவத்திற் கட்டிய பசுவைப் போன்று தீங்கற்றதாகவே காணப்படும். ஆயின், விமானத் தொழிலை அறிந்தோர் கருத்து வேறு. உலகிலே விமானம் ஆயிரமுறை புறப்படுமிடத்து ஏறத்தாழ ஒருமுறை தரிப்பிடத்திலே விபத்து நேர்கின்றதென்றும், இவ்வாறு ஆண்டொன்றுக்கு 27,000 விபத்துக்கள் நேர்ந்து 2,43,000 பேர் காயமுறுகின்றனர் என்றும் ‘பிளைற் சேவ்ற்றி பவுண்டேசன்’ எனும் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டது. இவற்றுட் பெரும்பாலன பத்திரிகைகளில் இடம்பெறுவதில்லை. இவ்விபத்துக்கள் யாவை, யாங்ஙனம் நேர்கின்றன, இவற்றின் உண்மையான கேடு எங்கே உறைகின்றது என்பன ஆராயற்பாலன.

காங்கேசன்துறைப் பகுதி மக்களுக்கு இப்பொருள் அயலானதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் அமைத்த ஓடுபாதை, போர் ஓய்ந்தபின் பயணிகள் விமானங்களுக்கும் உரியதாயிற்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டக்கோட்டா வகையினது, இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. பின்னர்ப் போர்ச் சூழலால் நெடுங்காலம் அயல்நாட்டுப் பயணம் அற்றிருந்த அந்நிலையம், 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. கொள்ளைநோய் காரணமாக 2020இல் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பர் 12ஆம் நாள் மீளத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்கு விமானம் செலுத்தத் தொடங்கியது. வந்த விமானம் சிறிது நேரம் நின்று, பயணிகளையும் பொதிகளையும் மாற்றிக்கொண்டு, மீண்டும் கடலைக் கடந்து செல்லும். அச்சிறு நேரமே இக்கட்டுரையின் பொருளாகும்.

தரிப்பிடத்தின் இயல்பு

விமானம் வந்து நின்றவுடன் அதனை நோக்கிப் பல வண்டிகள் விரைகின்றன. பயணிகள் இறங்கப் படிக்கட்டு வண்டி ஒன்று. பெரிய நிலையமாயின் கட்டிடத்திலிருந்து நீளும் ஏறுபாலம். பொதிகளை இறக்க ஓடும் நாடா பொருத்திய வண்டி. எரிபொருள் நிரப்பப் பவுசர். நீர் நிரப்ப ஒன்று, கழிவு அகற்ற ஒன்று, உணவு ஏற்ற ஒன்று, மின்சாரம் வழங்க ஒன்று. ஈற்றில் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளுதற்கு இழுவை வண்டி. விமானம் பொதுவாகத் தானே பின்செல்வதில்லையாகலின், கட்டிடத்தை நோக்கி நிற்கும் பெரிய விமானத்தை அவ்வாறு தள்ளியே வெளிக்கொணர வேண்டும். இவ்வண்டிகள் யாவும் பல தொன் எடையுடையன. விமானத்திலிருந்து சில அங்குல அளவுக்குள் வந்து நிற்கக் கடமைப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒருங்கேயும் தொழிற்படுவன. விமானம் தரையில் நிற்கும் நேரம் வருவாயற்ற நேரம் எனக் கருதும் நிறுவனங்கள் அந்நேரத்தை முப்பது நாற்பது நிமிடமாகச் சுருக்க முயல்கின்றன. ஆகவே நெருக்கமும் விரைவும் இவ்விடத்தின் பிரிக்கலாகா இயல்புகளாயின.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிற்கும் விமானம் உண்மையில் அசையாது நிற்பதன்று. பயணிகள் இறங்குந்தோறும் பொதிகள் குறையுந்தோறும் சில்லுகளைத் தாங்கும் கால்கள் நீள, உடற்கூடு மேலெழும். எரிபொருளும் ஆட்களும் ஏறுந்தோறும் அது கீழ் அமரும். ஆதலின், தொடக்கத்தில் வாயிலுக்குச் சற்றுக் கீழே நிறுத்திய பாலமோ நாடா வண்டியோ, சிறிது நேரத்தில் திறந்த கதவின் அடியை முட்டக்கூடும். எவரும் வண்டியை ஓட்டாதிருக்கவே விபத்து நேர்தல் இங்கு இயல்வதாம்.

மெல்லிய தோலும் மிகுந்த அமுக்கமும்

லொறியொன்று பஸ்ஸை உரசினால் நெளிவு உண்டாகும். பஸ் பின்னரும் ஓடும். காங்கேசன்துறைக் குதத்திலே துறைமேடையை முட்டிய கப்பலும் பெரும்பாலும் வண்ணம் இழப்பதோடு தப்பும். விமானத்துக்கு இவ்வாறன்று. அது எடை குறைந்திருத்தல் வேண்டி, அதன் உடற்கூட்டின் தோல் அலுமினியக் கலப்புலோகத்தினால், சில இடங்களில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பினதாக அமைக்கப்படுகின்றது. வலிமை தோலில் மட்டும் அன்றி, உள்ளிருக்கும் வளையங்கள், நெடுஞ்சட்டங்கள், ஆணிகள் ஆகிய யாவும் ஒன்றுகூடிச் சுமையைப் பகிர்தலிலே தங்கியுள்ளது.

அச்சுமை யாது? முப்பத்தையாயிரம் அடி உயரத்திலே வெளிக்காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் நாலில் ஒரு பங்கு அளவே. அங்கு மனிதன் மூச்சுவிட்டு உயிர்வாழ இயலாது. எனவே விமானத்தினுள்ளே ஏறத்தாழ எண்ணாயிரம் அடி உயர மலையில் உள்ள காற்றின் அமுக்கமேனும் பேணப்படும். உள்ளும் புறமும் உள்ள இவ்வேறுபாட்டினால் உடற்கூட்டின் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் ஏழு அல்லது எட்டு இறாத்தல் விசை வெளிநோக்கித் தள்ளுகின்றது. ஒரு சதுர அடிக்குக் கணக்கிடின் அது ஆயிரம் இறாத்தலுக்கு மேற்படும். ஒவ்வொரு பயணத்திலும் உடற்கூடு ஒருமுறை ஊதப்பட்டு ஒருமுறை தளர்கின்றது. ஊதிய தோற்பையில் ஊசிமுனைக் கீறல் என்ன செய்யுமோ அதனையே, தரிப்பிடத்தில் வண்டி இட்ட கீறல் வானத்திலே செய்யும். தரையில் நிற்கையில் உள்ளும் புறமும் அமுக்கம் ஒன்றாகலின் கீறல் பேசாதிருக்கும். உயரச் சென்றபின்னரே அது வாய்திறக்கும்.

முவ்வகை விபத்துக்கள்

தரிப்பிட விபத்துக்களை மூன்றாகப் பகுத்து நோக்கல் தகும். வண்டிகள் விமானத்தை மோதுதல் முதலாவது. விமானத்தின் சொந்த எடையும் உறுப்புக்களும் அதனை வீழ்த்துதல் இரண்டாவது. விமானமே மனிதனைக் கொல்லுதல் மூன்றாவது.

முதல்வகைக்கு இந்திய நாட்டில் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தன சான்றாம். 2015 டிசெம்பர் 22ஆம் நாள் கொல்கத்தா விமான நிலையத்தில், ஜெற் எயர்வேய்ஸ் நிறுவனத்தின் பயணிகள் பஸ் ஒன்று தரித்து நின்ற எயர் இந்தியா ஏ.ரி.ஆர். விமானத்தின் மேல் மோதி, அதன் இறக்கையின் கீழே செருகி நின்றது. விமானத்திற் பயணிகள் இல்லாமையால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அதே நிலையத்தில் 2018 பெப்புரவரி 1ஆம் நாள் அதிகாலை, டோகாவுக்குப் புறப்பட 103 பயணிகளுடன் நின்ற கட்டார் எயர்வேய்ஸ் விமானத்தை நீர்த்தாங்கி வண்டி மோதியது. 2025 ஏப்பிரல் 18ஆம் நாள் பெங்களூரில் வான் ஒன்று நின்றுகொண்டிருந்த இண்டிகோ விமானத்தின் மூக்கின் கீழே புகுந்து, கூரை நசுங்கி நின்றது. மூன்று நிகழ்ச்சிகளிலும் விமானம் அசையவில்லை. வண்டியே வந்து மோதிற்று. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் 2022இல் வெளியிட்ட ஆய்வும், நாடா வண்டி, சரக்கேற்றும் வண்டி, படிக்கட்டு வண்டி, ஏறுபாலம் ஆகிய நான்குமே இத்தகைய சேதங்களில் நூற்றுக்கு 40 பங்கிற்குக் காரணமாகும் எனக் கூறுகின்றது.

இரண்டாம் வகைக்கு 2021 யூன் 18ஆம் நாள் இலண்டன் ஹீத்துரோ நிலையத்தில் நிகழ்ந்தது தெளிவான சான்று. பிரித்தானிய எயர்வேய்ஸ் நிறுவனத்தின் போயிங் 787 விமானம் பிராங்பேட் நகருக்குச் சரக்கு ஏற்றி நின்றது. பழுது ஒன்றைச் சோதிக்கும்பொருட்டுச் சில்லை உள்ளிழுக்கும் கட்டளை கொடுக்கப்பட வேண்டியிருந்தது. அப்போது முன்கால் மடங்காதிருக்க ஊசி ஒன்றைத் துளையிற் செருகுவது முறை. தலைமைத் தொழில்வினைஞருக்கு அத்துளை எட்டவில்லை. அவர் கீழே நின்று சுட்டிக்காட்ட, படியில் ஏறிய மற்றவர் அருகிலிருந்த வேறொரு துளையில் ஊசியைச் செருகினார். கட்டளை கொடுக்கப்பட்டதும் முன்கால் மடங்கியது; அப்பெரிய விமானம் மூக்கு நிலத்தில் மோத வீழ்ந்தது. இரு துளைகளும் அடுத்தடுத்து இருந்தமையே விபத்தின் வித்தாயிற்று.

பலாலிக்கு வரும் ஏ.ரி.ஆர். விமானத்திலும் எடைபற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அதன் பயணிகள் வாயில் பின்புறத்திலும், சரக்கு வாயில் முன்புறத்திலும் அமைந்துள்ளன. பின்புறத்தில் ஆட்கள் திரள, முன்புறத்தில் பொதிகள் இறக்கப்படின் விமானம் பின்னே சாய்ந்து வால் நிலத்தைத் தொடக்கூடும். இதனைத் தடுக்கவே வாலின் கீழே முட்டுத்தண்டு ஒன்றை நிறுத்துகின்றனர். மாட்டுவண்டியிற் பின்பாரம் மிகின் நுகம் மேலெழுதலை அறிந்த கமக்காரனுக்கு இத்தத்துவம் விளக்கவேண்டுவதன்று.

மூன்றாம் வகையே நெஞ்சை நடுக்குவது. 2015 டிசெம்பர் 16ஆம் நாள் இரவு மும்பாய் நிலையத்தில் ஐதராபாத்துக்குப் புறப்பட இருந்த எயர் இந்தியாவின் எயர்பஸ் 319 விமானம் பின்னே தள்ளப்பட்டது. துணை விமானி தரையிலிருந்து காட்டிய சைகையைத் தவறாகப் பொருள்கொண்டு பொறியை இயக்கினார். அருகே நின்ற பொறிவினைஞர் ஒருவர் அதனுள் இழுக்கப்பட்டு மாண்டார். 2019 யூலை 10ஆம் நாள் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெற் நிறுவனத்தின் விமானமொன்றில் வேலைசெய்துகொண்டிருந்த தொழில்வினைஞர் ஒருவர், சில்லறையின் கதவு திடீரென மூட, அதனிடை அகப்பட்டு உயிரிழந்தார். தாரைப் பொறியின் முன்னே காற்று உள்ளிழுக்கப்படுவது கண்ணுக்குப் புலனாவதில்லை. பின்னே வீசும் காற்றோ மனிதனைத் தூக்கி எறிய வல்லது. சுழலும் விசிறி வேகமிகுதியாற் கண்ணுக்கு மறைந்தே விடும். பேரோசையினால் ஒருவர் கூப்பிடுவது மற்றவர்க்குக் கேளாது. ஆகவே தரிப்பிடத்திலே சைகையே மொழி. அம்மொழியிற் பிழை நேரின் உயிர் போகும்.

மறைத்தலால் வருங் கேடு

இதுகாறுங் கூறிய யாவும் கண்முன் நிகழ்ந்து வெளிப்பட்டவை. வெளிப்பட்ட சேதத்துக்கு மருந்து உண்டு: விமானம் நிறுத்தப்படும், சோதிக்கப்படும், செப்பனிடப்படும். வெளிப்படாத சேதமே பெரும் பகை. இதற்கு உலகம் நன்கறிந்த உதாரணம் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் நிகழ்ந்தது.

2005 டிசெம்பர் 26ஆம் நாள் அலாஸ்கா எயர்லைன்ஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று சியாற்றிலிருந்து கலிபோர்னியா மாநிலத்தின் பேபாங்க் நகருக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 26,000 அடி உயரத்தை அணுகுகையிற் பேரோசை கேட்டது. உள்ளிருந்த அமுக்கம் திடீரென இறங்கிற்று. பயணிகள் தலைக்குமேல் மூச்சுக்கவசங்கள் வீழ்ந்தன. விமானிகள் விரைந்து கீழிறங்கிச் சியாற்றிலுக்கே திரும்பி, எவர்க்கும் ஊறின்றி இறக்கினர். சோதித்தபோது உடற்கூட்டில் ஓரடி நீளமும் அரையடி அகலமுமான துவாரம் காணப்பட்டது. தரிப்பிடத்திலே பொதி கையாளும் ஊழியர் ஒருவர் தமது வண்டியால் விமானத்தை உரசியதும், அதனை உடனே எவர்க்கும் அறிவியாது விட்டதும் பின்னரே வெளியாயின. உரசியபோது அது ஒரு மடிப்பு மாத்திரமே. அமுக்கம் ஏற ஏற மடிப்புக் கிழிசலாகி, கிழிசல் துவாரமாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செயல்கள் உள்ளன. வண்டி உரசியது ஒன்று. உரசியதைச் சொல்லாமை மற்றொன்று. முன்னது கைப்பிழை, எவர்க்கும் நேரக்கூடியது. பின்னது இல்லாதிருப்பின், நட்டம் ஒரு நாளைய தாமதமும் ஒரு தகட்டின் விலையுமாக முடிந்திருக்கும். நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைத் தராசிலே வைத்தது வண்டியன்று, மௌனமே.

மௌனத்துக்கு மாறாகச் சொல்லியதனால் விளைந்த நன்மைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2018 ஒக்டோபர் 12ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், திருச்சிராப்பள்ளியிலிருந்து துபாய்க்கு 136 பேருடன் எழுந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நிலையத்தின் சுற்றுமதிலை இடித்துக்கொண்டு மேலேறியது. இது தரிப்பிட விபத்தன்று. ஆயினும் இங்கு கருதத்தக்கது. விமானியின் முன்னுள்ள கருவிகள் யாவும் செவ்வனே இயங்குவதாகவே காட்டின. விமானமும் தன் வழியே சென்றது. தரையில் இருந்தோர் மதில் இடிந்தமையைக் கண்டு செய்தி அனுப்பினர். கடல்மேற் சென்றுகொண்டிருந்த விமானம் மும்பாய்க்குத் திருப்பப்பட்டு நலமே இறங்கியது. அதன் அடிப்புறம் கிழிந்திருந்ததைத் தரையிற் கண்டோர் திகைத்தனர். விமானத்துள் இருப்போர் தம் விமானத்தின் புறத்தைக் காணார். தரையில் நிற்போனே காண்பான். அவன் நாவிலே அவர்தம் உயிர் தங்கியுள்ளது.

சேதம் உடனே தீங்கு செய்யாதொழியினும் அழிந்துபோவதில்லை என்பதற்குத் தாய்வான் நாட்டு விமானம் ஒன்றின் வரலாறு சான்று பகரும். சைனா எயர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று 1980இல் ஹொங்கொங்கில் இறங்குகையில் வாற்புறம் ஓடுபாதையில் உரசியது. செப்பனிட்டோர் சேதமுற்ற பகுதியை முற்றாக நீக்காது மேலே தகடு பொருத்தினர். தகட்டின் கீழே வெடிப்பு மெல்ல வளர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 மே 25ஆம் நாள், அவ்விமானம் தாய்வான் நீரிணையின் மேலே வானிற் பிளந்து 225 பேர் மாண்டனர். மூடப்பட்ட வடு ஆறிய வடு அன்று என்பது இதனாற் பெறப்படும்.

புதிய விமானங்களில் இவ்வபாயம் வேறோர் உருவெடுத்துள்ளது. 2011 தொடக்கம் பறக்கும் போயிங் 787 போன்றவற்றின் உடற்கூடு உலோகத்தினால் அன்றி, கரிநாரைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிய பொருளினால் ஆயது. உலோகம் அடிபட்டால் நெளியும். நெளிவு சாட்சியாய் நிற்கும். கரிநார்த் தோலோ அடிபட்டபின் வெளியே பழையபடி மீண்டு தோன்ற, உள்ளே அடுக்குகள் பிரிந்திருத்தல் கூடும். கண்ணாற் கண்டு “ஒன்றும் இல்லை” எனக் கூறுதல் அங்கே செல்லாது. ஒலியலைக் கருவியாற் சோதித்தே அறிதல் வேண்டும். ஆனாற் சோதிப்போனுக்கு எவ்விடத்திற் சோதிப்பதென்று தெரிதல் வேண்டுமே! அதனைச் சொல்லக்கூடியவன் மோதியவன் ஒருவனே.

கட்டுநாயக்காவில் நிகழ்ந்தது

இலங்கையிலே தரித்து நின்ற விமானம் ஒன்றில் நிகழ்ந்த பெருந்துயர் 1986 மே 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் நேர்ந்ததாகும். இலண்டனிலிருந்து வந்து மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயர் லங்கா டிரைஸ்ரார் விமானத்துள், பயணிகள் ஏறிக்கொண்டிருக்கையிற் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 41 பேர் காயமுற்றனர். குண்டு வைத்தல் விபத்தன்று, கொலை. அது இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானது. ஆயினும் அந்நாளின் நிகழ்ச்சிகளுள் ஒன்று இவ்வெல்லைக்குள் அடங்கும். பொதி ஏற்றுகையில் அவ்விமானம் சேதமுற்றிருந்தது. அதன் பொருட்டே பயணிகள் ஏறுவது தாமதமாயிற்று. அவ்வாறு நிறுத்தப்படாது குறித்த நேரத்தில் எழுந்திருப்பின் வெடிப்பு வானத்திலே நிகழ்ந்து, ஒருவரேனும் எஞ்சாதொழிதலும் கூடும். மாண்டோர்க்கு இதனால் ஆறுதல் இல்லை. எனினும் சேதத்தின் பொருட்டு விமானத்தை நிறுத்திவைத்தல் வீண்செயலென எண்ணுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது. தாமதத்தை இழப்பாக மட்டுமே எண்ணும் வழக்கம் தரிப்பிடத்துக்குப் பொருந்தாது.

காரணங்கள்

மனிதர் ஏன் மறைக்கின்றனர்? தீய எண்ணத்தால் அன்று, அச்சத்தாலேயே. பொதி ஏற்றுவோர் பெரும்பாலும் குறைந்த ஊதியம் பெறுவோர். பலர் விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்லர்; ஒப்பந்தக்காரரின் கீழ் வேலைசெய்வோர். இரவிலும் மழையிலும் வெயிலிலும் பணி, முன்னுரிமை நேரத்துக்கு. விமானத்தை உரசியது தெரிந்தால் வேலை போகும் என்பது அவர்க்குத் தெரியும். சொல்லாதுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் நேராது என்பதும் தெரியும். ஒருபுறம் குடும்பத்தின் உணவு. மறுபுறம் எப்போதோ நேரக்கூடும் என்னும் ஓர் அபாயம். இத்தகைய நிலையில் நிறுத்தப்பட்டவனை நோக்கி “நேர்மையாயிரு” என்று மட்டும் போதித்தல் எளிது, பயன் சிறிது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இந்நிலையை மேலும் கடினமாக்கிற்று. விமானங்கள் நின்றபோது பயிற்சிபெற்ற ஊழியர் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். சேவை மீண்டபோது அவருட் பலர் மீளவில்லை. புதியோர் குறைந்த பயிற்சியுடன் அவ்விடத்தை நிரப்பினர். தரிப்பிடச் சேதங்களினால் ஆண்டுதோறும் ஏற்படும் செலவு, தடுக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்படாவிடின் 2035அளவில் இருமடங்காகி ஆயிரங்கோடி அமெரிக்க டொலரை எட்டக்கூடும் எனவும் மேற்குறித்த சங்கத்தின் ஆய்வு எச்சரிக்கின்றது.

காக்கும் வழிகள்

முதல் வழி ஒழுங்கு. விமானத்தின் பொறிகள் முற்றாக அடங்கி, அதன் சிவப்பு மின்னொளி அணைந்தபின்னரே வண்டிகள் நெருங்குதல் வேண்டும். இறக்கை நுனிகளிலும் பொறிகளின் முன்னும் கூம்புகள் வைக்கப்பட வேண்டும். விமானத்தை அணுகும் வண்டி, சிறிது தூரத்தில் முற்றாக நின்று, தடுப்புக்கருவி பற்றுகின்றதா எனச் சோதித்தபின்னரே நடைவேகத்தில் நெருங்குதல் வேண்டும். பின்னோக்கிச் செலுத்துகையில் வழிகாட்டி ஒருவர் நிற்றல் வேண்டும். புறப்படுமுன் ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்து நோக்குதல் வேண்டும். புகைவண்டி நிலையங்களிலே தொழிலாளி சுத்தியலால் ஒவ்வொரு சில்லையும் தட்டி, ஓசையால் வெடிப்பறிந்த பழைய வழக்கத்தை ஒத்தது இது.

இரண்டாம் வழி கருவி. அண்மையை உணர்ந்து தானே வேகங் குறைக்கும் வண்டிகளும், விமானத்தைத் தொடுமுன் நின்றுவிடும் பாலங்களும் இப்போது செய்யப்படுகின்றன. உலகிலுள்ள மேற்கூறிய நால்வகைச் சாதனங்களில் நூற்றுக்கு 75 பங்கு இவ்வாறு மாற்றப்படின், எதிர்பார்க்கப்படும் சேதச் செலவு நூற்றுக்கு 42 பங்கு குறையும் என அவ்வாய்வு கணக்கிட்டது. ஆனாற் கருவி விலையுயர்ந்தது. சிறு நிலையங்களை எட்ட நாட்செல்லும்.

மூன்றாம் வழியே தலையாயது. பிழையைச் சொல்பவன் தண்டிக்கப்படாதிருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு தொடக்கம், விமானத்துறையினர் தம் பிழைகளை மறைமுகமாக அறிவிக்கும் முறை ஒன்று ‘நாசா’ நிறுவனத்தின் பொறுப்பில் நடைபெறுகின்றது. அறிவித்தோர் பெயர் நீக்கப்பட்டு, செய்தி மாத்திரம் பயன்படுத்தப்படும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் நடைமுறைப்படுத்திய 19ஆம் இணைப்பிலும் இவ்வாறு தாமே முன்வந்து அறிவிக்கும் முறைகளை நாடுகள் பேணவேண்டும் என விதித்தது. இதன் கருத்து, எக்குற்றத்தையும் பொறுத்தல் என்பதன்று. வேண்டுமென்றே விதியை மீறியவனும், குடித்துவிட்டு வண்டி செலுத்தியவனும் தண்டத்துக்கு உரியோரே. கைதவறியவன் வேறு; கைதவறியதை மறைத்தவன் வேறு. முன்னவனைத் தண்டித்தால் பின்னவர் பெருகுவர். இந்நுண்மையை உணராத நிர்வாகம் ஒழுக்கத்தை வளர்ப்பதாக எண்ணி மௌனத்தையே வளர்க்கும்.

பலாலிக்கு உரியது

சிறிய நிலையத்தில் வண்டிகள் சில, விமானங்கள் சில; ஆகவே அபாயமும் சிறிதெனக் கூறுவாரும் உளர். மோதுதலைக் குறித்து அக்கூற்று ஓரளவு பொருந்தும். மறைத்தலைக் குறித்து அது பொருந்தாது. பெரிய நிலையத்திலே சேதமுற்ற விமானத்துக்குப் பதிலாக வேறொன்று கிடைக்கும். பொறியியலாளரும் பணிமனையும் அருகே உண்டு. பலாலியில் நிற்கும் விமானம் பழுதுற்றால் மாற்று விமானமும் ஆளும் உதிரிப்பாகமும் பெரும்பாலும் கடல்கடந்தே வரவேண்டும். பயணிகள் இடர்ப்படுவர், சேவைக்குக் கெட்ட பெயர் வரும். நெடுங்காலம் காத்திருந்து பெற்ற சேவை எம்மாலே நின்றதென ஊரார் கூறுவரே என்னும் நாணமும் ஊழியனைப் பற்றும். ஒருவரையொருவர் அறிந்த ஊரிலே பழிச்சொல்லுக்கு அஞ்சுதல் மிகுதி. இவை யாவும் சேர்ந்து வாயை அடைக்கும் விசையாகின்றன. சிறு நிலையத்தில் மோதலுக்கு வாய்ப்புக் குறைவு. மௌனத்துக்கு வாய்ப்பு அதிகம்.

ஏ.ரி.ஆர். விமானம் தாரை விமானங்களைப் போன்று உயரப் பறப்பதன்று. இருபத்தையாயிரம் அடியே அதன் மேலெல்லை. ஆயினும் அதன் உடற்கூடும் அமுக்கம் ஏற்றப்படுவதே. அதன் விசிறிகள் தரிப்பிடத்தில் நிற்போர்க்கு அண்மையிலேயே சுழல்வன. பலாலியிலிருந்து எழுந்து சிறிது நேரத்தில் அதன் கீழே இருப்பது பாக்குநீரிணை. அங்கே இறங்குதற்கு நிலமில்லை.

ஆகவே இத்தகைய நிலையங்களில் நிர்வாகிகள் செய்யவேண்டுவன தெளிவு. விமானத்தை உரசியவன் உடனே அறிவித்தால் அவன் வேலைக்கு ஊறு நேராதென்பதை எழுத்திலே கொடுத்தல் ஒன்று. அதனை முதல் நிகழ்ச்சியிலேயே கடைப்பிடித்துக் காட்டுதல் மற்றொன்று. ஏனெனில் ஒருவன் உண்மை கூறித் தண்டிக்கப்பட்டான் எனும் செய்தி பரவின், எழுதிய தாள் பயனற்றதாகும். அறிவிப்பின் பேரில் விமானம் தாமதமாயின், அத்தாமதத்தின் காரணத்தைப் பயணிகளுக்கு வெளிப்படையாகக் கூறுதல் மூன்றாவது. பயணிகளுக்கும் கடமை உண்டு. சோதனைக்காக விமானம் நிற்கும்போது முணுமுணுப்பவர், தம்மை அறியாமலே ஊழியனின் வாயை அடைக்கத் துணைசெய்கின்றனர்.

பொதி சுமப்பவனின் தொழில் விமான நிலையத்திலே கடைப்படியில் வைத்து எண்ணப்படுகின்றது. அவன் பெயர் எவர்க்கும் தெரியாது. பயணிகள் அவனைச் சாளரத்தினூடே கண்டும் காணாதிருப்பர். ஆயினும் விமானி காணமாட்டாத இடத்தைக் காண்பவன் அவனே. “இங்கே என் வண்டி பட்டுவிட்டது” என்று அவன் அச்சமின்றிக் கூறத்தக்க நிலையம், ஏறுபாலமும் பேரொளியும் இல்லாதிருப்பினும் பாதுகாப்பான நிலையமாகும். அவ்வாறு கூற இயலாத நிலையம், எத்துணைப் பெரிதாயினும், ஆறாத வடுக்களை வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.